டேரெல் ரீவிஸுக்கு 29 இடைமறிப்புகள் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஓர் எண்ணைப் பற்றிய கேள்வி. அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக்காக ஆடிய டேரெல் ரீவிஸ், என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீகில் பதினோரு பருவங்களில் எடுத்தவை 29 இடைமறிப்புகள்தான், அதாவது எதிரணி எறிந்த பந்தைத் தானே பிடித்துக்கொண்டது 29 முறைதான். டியான் சாண்டர்ஸ் 53 எடுத்திருக்கிறார். எல்லாக் காலத்துக்குமான சாதனை, பால் க்ராஸ் எடுத்த 81. அப்படியிருக்க, தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, 2023இல், ரீவிஸைப் புகழ் மண்டபத்துக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இரண்டாவதாக, அவ்வளவு சிறந்தவர் என்றால் நியூயார்க், டாம்பா, நியூ இங்கிலாந்து, மறுபடியும் நியூயார்க், கடைசியில் கான்சஸ் சிட்டி என்று ஏன் மாறிக்கொண்டே இருந்தார், பணத்தாசையா? இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன். ஒரு கார்னர்பேக் செய்யும் வேலையை எப்படி எடைபோடுவது என்பதுதான் அது.

நான் இந்த ஆட்டத்தை ஆடியவன் அல்லன். வேலைக்காக நியூஜெர்சிக்கு வந்து, மகன் பள்ளி அணியில் கார்னர்பேக்காகச் சேர்ந்தபோதுதான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அவன் பள்ளியை முடித்துச் சென்ற பிறகும் அந்த அணிக்கு ஆட்டங்களை மேலிருந்து படமெடுத்து, ஒவ்வொரு நகர்வாக வெட்டிப் பயிற்சியாளரிடம் கொடுக்கும் பணியைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறேன். ஆகவே நான் சொல்வது பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணின் கருத்து. களத்தில் மோதல் வாங்கியவர்கள் சொல்வதற்கு இதைவிட எடை அதிகம்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நூறு கெஜ நீளமும் ஐம்பத்து மூன்றே கால் கெஜத்தைச் சற்றுத் தாண்டும் அகலமும் கொண்ட களம், பக்கத்துக்குப் பதினொருவர். தாக்கும் அணியின் குவார்ட்டர்பேக் பந்தை எறிகிறார். அதைப் பிடிக்க ஓடுபவர்கள் ரிசீவர்கள். களத்தின் ஓரங்களில் நிற்கும் ரிசீவரை மறிப்பவர்தான் கார்னர்பேக். இந்த ஏற்பாட்டில் நியாயம் துளியும் இல்லை. எந்தப் பாதையில் ஓட வேண்டும், எத்தனையாவது எட்டில் திரும்ப வேண்டும், பந்து எந்த நொடியில் நகரும் என்பதெல்லாம் ரிசீவருக்குத் தெரியும். கார்னர்பேக்குக்கு எதுவும் தெரியாது. அவர் பின்பக்கமாக ஓடியபடியே, முன்னோக்கி ஓடிவருபவரின் எண்ணத்தை அவரது இடுப்பிலிருந்து படித்தாக வேண்டும். தோளும் தலையும் பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

போதாக்குறைக்குச் சட்டமும் ரிசீவர் பக்கம். 1978இல் வந்த விதியின்படி, ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கெஜம் வரைதான் ரிசீவரைக் கையால் தள்ளித் தடுக்கலாம். அதற்கப்பால் தொட்டு மறித்தால் தண்டனை. அதற்கு முன் பிட்ஸ்பர்க்கின் மெல் ப்ளவுண்ட் போன்றவர்கள் ரிசீவர்களை வழிநெடுக இடித்தே நிறுத்தினார்கள். அந்த விதியை இன்றும் அவர் பெயரால் அழைப்பவர்கள் உண்டு. 2004 ஜனவரியில் நியூ இங்கிலாந்து அணியின் டை லா, இண்டியானாபொலிஸின் பேட்டன் மேனிங் எறிந்த பந்துகளில் மூன்றை ஒரே ஆட்டத்தில் இடைமறித்தார். தங்கள் ரிசீவர்களைப் பிடித்து இழுத்தார்கள் என்று தோற்ற அணி முறையிட, அடுத்த பருவத்திலிருந்து நடுவர்கள் அந்தப் பழைய விதியைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள். எறியும் ஆட்டம் பெருகியதும், ஓரத்தில் தனியாக நிற்பவரின் வேலை இன்னும் கடினமானதும் அதன் பிறகுதான்.

டை லாவும் ரீவிஸும் ஒரே ஊர்க்காரர்கள். பென்சில்வேனியாவில் ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் அலிக்விப்பா. ஜோன்ஸ் அண்ட் லாக்லின் எஃகு ஆலையால் வளர்ந்து, 1980களில் ஆலை சரிந்தபோது கூடவே சரிந்த ஊர். இன்று அங்கே பத்தாயிரம் பேர்கூட இல்லை. அந்த ஊர் மைக் டிட்கா, டை லா, ரீவிஸ் என்று மூவரைப் புகழ் மண்டபத்துக்கு அனுப்பியிருக்கிறது. 2008 பருவத்தின் பிற்பகுதியில் லாவும் ரீவிஸும் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் ஒன்றாகவே ஆடினார்கள். மூத்தவரின் கைவரிசையால் கறாராக்கப்பட்ட விதிக்கு உட்பட்டுத்தான் இளையவர் தன் பெயரைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. எனக்கு இந்தப் பொருத்தம் எப்போதும் பிடிக்கும்.

ரீவிஸ் 1985 ஜூலையில் பிறந்தவர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் ஆடிவிட்டு, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்கு 2007இல் வந்தார். 25ஆம் இடத்தில் இருந்த ஜெட்ஸ், கரோலைனாவுடன் பேரம் பேசி 14ஆம் இடத்துக்கு ஏறி அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் இரண்டு பருவங்களை விட்டுவிடலாம். நன்றாக ஆடினார், அவ்வளவுதான். 2009தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கும் பருவம்.

அந்த ஆண்டு ரெக்ஸ் ரயன் பயிற்சியாளராக வந்தார். குவார்ட்டர்பேக்கின் மேல் நான்கு பேருக்குப் பதில் ஐந்தாறு பேரை ஏவ வேண்டும் என்பது அவர் பாணி. ஆனால் ஆட்களை முன்னால் அனுப்பினால் பின்னால் ஆள் குறையும். வழக்கமாக, எதிரணியின் சிறந்த ரிசீவருக்கு ஒரு கார்னர்பேக்கும், அவருக்குப் பின்னால் துணையாக சேஃப்டி எனப்படும் இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரரும் நிற்பார்கள். ரயன் அந்தத் துணையை எடுத்துவிட்டார். சிறந்த ரிசீவர் களத்தின் எந்த ஓரத்துக்குப் போனாலும் ரீவிஸ் பின்தொடர்வார், தனியாக. மிச்சமான ஆளை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இதைத்தான் 'ரீவிஸ் தீவு' என்றார்கள். அந்தத் தீவுக்குப் போன ரிசீவர் திரும்பி வருவதில்லை என்ற பொருளில் ரசிகர்கள் சொன்னார்கள். பயிற்சியாளருக்கு அதன் பொருள் வேறு. அவருக்குக் களத்தில் பன்னிரண்டாவது ஆள் கிடைத்தது போல. அந்தப் பருவத்தில் எதிரணிகளை மிகக் குறைந்த கெஜங்களே முன்னேறவிட்ட அணி ஜெட்ஸ்தான்.

2009 செப்டம்பர் 20 அன்று பழைய ஜெயண்ட்ஸ் மைதானத்தின் மேல் அடுக்கில் உட்கார்ந்து, நியூ இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்தேன். அருகில் இருந்த முதியவர் ஒருவர், "பந்தைப் பார்க்காதே, 24ஐ மட்டும் பார்" என்றார். அப்போது எனக்கு விதிகளே அரைகுறைதான். 24 என்றால் ரீவிஸின் சட்டை எண். முதியவர் சொன்னபடி பார்த்தேன். எதிரில் நின்றவர் ராண்டி மாஸ். அன்றைக்கு லீகிலேயே அதிகம் அஞ்சப்பட்ட ரிசீவர்களில் ஒருவர், ரீவிஸைவிட நல்ல உயரம். ரீவிஸ் அவருக்கு ஒரு கை தூரத்தில் நிற்பார். பந்து நகர்ந்ததும் பாயமாட்டார், பின்வாங்கவும் மாட்டார். முழங்கால் மடங்கியபடியே ஒரு கணம் காத்திருப்பார். மாஸ் ஒரு பக்கம் காலை ஊன்றிய பிறகு, ஒரே ஒரு கையை அவர் மார்பில் வைப்பார். பிறகு இருவரும் ஒட்டியபடியே எல்லைக்கோட்டை நோக்கிச் சாய்ந்து ஓடுவார்கள். மாஸுக்கும் கோட்டுக்கும் நடுவே பந்து விழ வேண்டிய அந்த இரண்டு மூன்று கெஜ இடம் ஓட ஓடக் குறுகிக்கொண்டே வரும். நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வேறு பக்கம் எறிவார். நான்கு கேட்சுகள், அவற்றால் முன்னேறியது 24 கெஜம். மாஸின் அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. பந்தை எதிர்முனைக்குக் கொண்டுசேர்த்து எடுக்கும் டச்டவுன் ஒன்றுகூட நியூ இங்கிலாந்தால் எடுக்க முடியவில்லை. ஜெட்ஸ் 16-9 என்று வென்றது.

அதே பருவத்தில் ஹூஸ்டனின் ஆண்ட்ரே ஜான்சன் ரீவிஸுக்கெதிராக 35 கெஜம், பஃபலோவின் டெரல் ஓவென்ஸ் 13, கரோலைனாவின் ஸ்டீவ் ஸ்மித் ஒரே கேட்சில் 5. இவர்களில் யாரும் சாதாரண ரிசீவர் அல்லர். அந்தப் பருவத்தில் ரீவிஸ் எடுத்த இடைமறிப்புகள் ஆறு, தட்டிவிட்ட பந்துகள் 31. ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது ஒன்பது இடைமறிப்புகள் எடுத்த க்ரீன் பே அணியின் சார்லஸ் வுட்சனுக்குப் போனது. வுட்சன் தகுதியற்றவர் என்று சொல்லமாட்டேன். கண்ணில் படுகிற வேலைக்கும் படாத வேலைக்கும் இடையே வாக்களிக்கச் சொன்னால் ஓட்டு எங்கே விழும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இடைமறிப்பு உறுதியான எண். பந்து கையில் இருந்தது அல்லது இல்லை. ரிசீவர் ஓர் ஆட்டத்தில் எடுத்த மொத்தக் கெஜமும் உறுதி. ஆனால் 'இந்தக் கார்னர்பேக் இத்தனை கெஜம் விட்டுக்கொடுத்தார்' என்று நீங்கள் படிக்கும் எண், படத்தைப் பார்த்து ஒருவர் செய்த முடிவு. ஒரு கேட்ச் யார் தவறு என்பது அணி வகுத்த திட்டத்தைப் பொறுத்தது. கார்னர்பேக் வேண்டுமென்றே உள்பக்கத்தை விட்டுக்கொடுத்து, சேஃப்டி வருவார் என்று நம்பியிருக்கலாம். சேஃப்டி வராவிட்டால், படத்தில் தோற்றவராகத் தெரிபவர் கார்னர்பேக். பள்ளி ஆட்டங்களிலேயே, நான் ஒரு பையன்மேல் எழுதிக் கொடுத்த தவற்றைப் பயிற்சியாளர் "இது அவனுடையது அன்று" என்று அடித்துவிட்டு வேறொருவன் பெயரை எழுதியது எத்தனையோ முறை. ஆகவே அந்த எண்களைத் திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தராசாக வேண்டாம். மேலே நான் சொன்ன 24, 35, 13 என்பவையும் ரிசீவர்களின் ஆட்டக் கணக்குகள்தான். அவற்றில் ஓரிரு கேட்சுகள் ரீவிஸ் எதிரில் இல்லாதபோது எடுத்தவையாக இருக்கலாம்.

இடைமறிப்பு எண் உறுதியானது என்றாலும் அது சொல்லும் சேதி குறைவு. 2021இல் டாலஸின் ட்ரெவான் டிக்ஸ் 11 இடைமறிப்புகளோடு லீகிலேயே முதலிடம் பிடித்தார். அதே பருவத்தில் மிக அதிகக் கெஜங்களை விட்டுக்கொடுத்த கார்னர்பேக்குகளிலும் அவர் ஒருவர் என்று படம் பார்த்துக் கணக்கிட்டவர்கள் சொன்னார்கள். அவர் துணிந்து பாய்கிறவர். பாய்ச்சல் பலித்தால் பந்து கிடைக்கும், பலிக்காவிட்டால் ரிசீவர் தனியாக ஓடுவார். அதோடு, பந்து தன் பக்கம் எறியப்பட்டால்தானே இடைமறிக்க முடியும்? எதிரணி அஞ்சி ஒதுங்குகிறது என்றால் எண் குறையும். ரீவிஸோடு 2023இல் தேர்வான ரோண்டே பார்பரையும் பாருங்கள். பதினாறு பருவங்கள் ஒரே டாம்பா பே அணி, 47 இடைமறிப்புகள், குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தியது 28 முறை. எண்களில் ரீவிஸ் அவருக்கு அருகில் வரமுடியாது. ஆனால் பார்பருக்குக் கதவு திறந்தது ஆறாவது ஆண்டில். தேர்வாளர்கள் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை என்பதற்கு அந்த ஒரே மேடையே சாட்சி.

இனி பணம். இதைப் பேராசை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன், ஏன் என்று சொல்கிறேன். என்எஃப்எல் ஒப்பந்தத்தில் அறிவிக்கப்படும் தொகை வேறு, உறுதியளிக்கப்பட்ட தொகை வேறு. ஆறு ஆண்டு ஒப்பந்தம் என்று செய்தித்தாளில் வரும். இரண்டாம் ஆண்டில் அணி உங்களை விலக்கினால், உறுதியளிக்கப்படாத மிச்சம் காற்றோடு போகும். ஆட்டக்காரர் மட்டும் ஒப்பந்தத்தை மீறி வேறு அணிக்குப் போகமுடியாது. அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், பயிற்சி முகாமுக்கு வராமல் வீட்டில் உட்காருவது. ரீவிஸுக்கு இது குடும்பத்திலேயே கிடைத்த பாடம். அவருடைய மாமா ஷான் கில்பர்ட், வாஷிங்டனோடு சம்பளத் தகராறில் 1997 பருவம் முழுவதையும் ஆடாமலே கழித்தவர்.

2010 பருவத்தில் ரீவிஸுக்கு எழுதியிருந்த சம்பளம் 10 லட்சம் டாலர். அதே வேலைக்கு ஓக்லாண்டில் நம்டி அசொமுகா ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். ரீவிஸ் 36 நாட்கள் முகாமுக்கு வராமல் இருந்து, நான்கு ஆண்டுக்கு 4.6 கோடி டாலரும் அதில் 3.2 கோடி உறுதியும் என்று ஒப்பந்தம் வாங்கினார். முகாமில் ஓடாத கால்கள் என்பதாலோ என்னவோ, இரண்டாவது வாரத்திலேயே மாஸ் ஒற்றைக் கையால் பிடித்த ஒரு டச்டவுனைத் துரத்தும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டது. இந்தக் காரணத்தொடர்பை நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் பயிற்சியாளர்கள் பலர் அப்படித்தான் நினைப்பார்கள்.

2012 பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில், மயாமியில், பந்தோடு ஓடுபவரை நோக்கித் திரும்பும்போது யாரும் இடிக்காமலேயே அவரது முழங்கால் தசைநார் கிழிந்தது. வயது 27. முழங்கால்தான் இந்தத் தொழிலின் மூலதனம். வேகமாகப் பின்னோக்கி ஓடும் உடலை ஒரே காலில் நிறுத்தி வேறு திசைக்குத் திருப்பும்போது முழுப் பளுவையும் வாங்குவது அந்தத் தசைநார்தான். 2013 ஏப்ரலில் ஜெட்ஸ் அவரை டிராஃப்ட்டில் ஒரு முதல் சுற்றுத் தேர்வுக்கும், அடுத்த ஆண்டின் ஒரு தேர்வுக்கும் ஈடாக டாம்பா பேயிடம் கொடுத்துவிட்டது. அங்கே ஆறு ஆண்டுக்கு 9.6 கோடி டாலர், உறுதித்தொகை ஒரு டாலர்கூட இல்லை. ஓராண்டு ஆடி 1.6 கோடி வாங்கினார். பயிற்சியாளர் மாறினார், 2014 மார்ச்சில் விலக்கிவிட்டார்கள். எனவே அவர் அணி மாறியதில் பாதி, அணிகள் அவரை மாற்றியது. நியூ இங்கிலாந்து ஓராண்டுக்கு 1.2 கோடி கொடுத்தது. அந்த ஆண்டே லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றார். பிறகு ஜெட்ஸ் திரும்ப அழைத்து ஐந்தாண்டுக்கு 7 கோடி, அதில் 3.9 கோடி உறுதி என்றது. இப்படியாகத் தொழில் முழுவதும் சம்பாதித்தது ஏறத்தாழ 12 கோடியே 40 லட்சம் டாலர்.

அந்தச் சூப்பர் பவுலைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகமுடியாது. 2015 பிப்ரவரி 1, சியாட்டலுக்கு எதிராக, கடைசி அரை நிமிடத்தில் டச்டவுனுக்கு ஒரு கெஜ தூரத்தில் எதிரணி. வெற்றியைக் காப்பாற்றிய இடைமறிப்பை எடுத்தவர் ரீவிஸ் அல்லர், மால்கம் பட்லர். டிராஃப்ட்டின் ஏழு சுற்றிலும் யாரும் பெயர் சொல்லாத, முதல் ஆண்டுக் கார்னர்பேக். லீகில் மிக அதிகம் பேரம் பேசப்பட்ட கார்னர்பேக்கும், யாரும் விலையே கேட்காத கார்னர்பேக்கும் அன்று ஒரே உடையில் நின்றார்கள். அதே ஆட்டத்தில் ரீவிஸ் மறித்த டக் பால்ட்வின் ஒரு டச்டவுனும் எடுத்தார். அன்றைய கதை ரீவிஸுடையது அன்று.

கார்னர்பேக்குக்கு முதுமை சீக்கிரம் வருகிறது. 2015இல் ஐந்து இடைமறிப்புகள் எடுத்தவர், 2016 முதல் வாரத்தில் சின்சினாட்டியின் ஏ.ஜே. க்ரீன் பின்னால் ஓடிப் பிடிக்கமுடியாமல் 54 கெஜ டச்டவுனை விட்டார். வயது 31. குவார்ட்டர்பேக்குகள் நாற்பது வரை ஆடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு வேகத்தை ஈடுகட்டும். கார்னர்பேக்குக்குக் காலில் பத்தில் ஒரு நொடி குறைந்தால், என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிந்தும் போய்ச்சேர முடியாது. அசொமுகாவும் முப்பதைத் தாண்டியதும் இப்படித்தான் சட்டென்று மங்கினார். 2017இன் பிற்பகுதியில் கான்சஸ் சிட்டிக்காகச் சில ஆட்டங்கள், 2018 ஜூலையில் ஓய்வு அறிவிப்பு. உச்சத்தில் இருந்தது என்று பார்த்தால் 2009, 2010, 2011, பிறகு 2014. அந்த நான்கு ஆண்டுகளிலும் லீகின் முதல் சிறந்த பதினொருவர் பட்டியலில் இருந்தார். உழைத்துத் தேய்ந்துபோகும் உடலை, அது தேய்வதற்குள் தகுந்த விலைக்கு விற்றவர் அவர். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகுதிக்கு மிகக் குறைவாக வாங்கிக்கொண்டு, முழங்கால் போனதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்தான் இந்த லீகில் அதிகம்.

எல்லாக் காலத்திலும் சிறந்த கார்னர்பேக் அவர்தானா என்று கேட்டால், அது கருத்து. 1952இல் பன்னிரண்டு ஆட்டங்களில் 14 இடைமறிப்புகள் எடுத்த டிக் லேனையும், சாண்டர்ஸையும், ரீவிஸையும் ஒரே தட்டில் வைக்கமுடியாது, விதிகளே வேறு. 2009 பருவத்தில் அவர் ஆடியதைவிட நன்றாக ஒரு கார்னர்பேக் ஒரு முழுப் பருவமும் ஆடி நான் பார்த்ததில்லை. இதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால், இடைமறிப்புகளின் தொகுப்புப் படங்களை விட்டுவிடுங்கள்; அவற்றில் ரீவிஸ் அதிகம் இருக்கமாட்டார். 2011 ஜனவரியில் ஜெட்ஸ் இண்டியானாபொலிஸில் 17-16 என்று வென்ற ஆட்டத்தைத் தேடுங்கள். பந்தை எறிபவர் பேட்டன் மேனிங். ஜெட்ஸின் 24ஆம் எண்ணையும் எதிரே 87ஆம் எண் ரெஜி வேனையும் மட்டும் பாருங்கள். வேன் அன்று முழு ஆட்டத்திலும் பிடித்தது ஒரே பந்து, எடுத்தது ஒரே ஒரு கெஜம். ரீவிஸ் பெயரில் அன்று இடைமறிப்பு எதுவும் இல்லை.